கிணற்றுச் சுவர் விரட்டிய நோய்

நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. இன்றைய இளைஞர்கள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வயது முதிர்ந்த பாட்டனாரோ பாட்டியாரோ வீட்டில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அந்த நாளில் பார்த்ததையும் பட்டதையும் சிலராவது சொல்லக்கூடும்.

காலிலே ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்தாற்போல எரியும். கொப்புளம் உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலைகாட்டும். சிறு நூலா அது? மூன்றடி வரைக்கும் நீளம்! ஆத்திரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த புழு உள்ளே தங்கினால் புண் சீழ்பிடித்து ஆளையே முடக்கிவிடும். ஆகவே ஒரு சிறு குச்சியில் அதைச் சுற்றி, நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். அதுவரை அந்த உழவன் ஏரைத் தொட முடியாது. அந்தத் தாய் இடுப்பிலே குடத்தை வைக்க முடியாது. பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு உழவர்கள் இதற்கு ‘வெறுங்களஞ்சிய நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். அறுவடைக்கு ஆள் எழுந்திருக்க முடியாவிட்டால் களஞ்சியத்துக்கு நெல் எங்கிருந்து வரும்?

இந்த நோய்க்கு மருந்து உண்டா? அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பூசி உண்டா? அதுவும் இல்லை.

மருந்தும் ஊசியும் இல்லாத இந்த நோய், இன்று இந்திய மண்ணில் இல்லை! 1996 ஜூலையில் ராஜஸ்தானத்து ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டவரே கடைசி நோயாளி. 2000 பிப்ரவரியில், இந்தியா நரம்புச் சிலந்தியிலிருந்து விடுதலை பெற்றுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

மருந்தில்லாமல் ஒரு நோய் எப்படி ஒழிந்தது? மந்திரத்தாலா? நேர்த்திக்கடனாலா? கோடை முழுதும் கூழ் ஊற்றியதாலா? இல்லை, தோழர்களே! கிணற்றைச் சுற்றி எழுப்பிய ஒரு கைப்பிடிச் சுவர் அதை விரட்டியது. கயிறும் கப்பியும் விரட்டின. அடிபம்பு விரட்டியது. மடித்து வடிகட்டிய துணி விரட்டியது. சுருங்கச் சொன்னால், நல்ல தண்ணீர் விரட்டியது!

படிக்கிணற்றில் இறங்கிய கால்

இந்த நோய் வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் போன வழி விளங்கும்.

பழைய படிக்கிணறுகளில் மக்கள் படியிறங்கி, தண்ணீரிலே கால் நனைத்துக் குடம் முகப்பார்கள். நோய் கண்டவரும் அப்படித்தான் இறங்குவார். எரிகிற காலுக்குக் குளிர்ந்த நீர் இதமாக இருக்குமல்லவா? கால் நீரில் பட்டதும் புழு தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் தண்ணீருக்குள் கக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற நீர்த்தெள்ளுகள் அவற்றை விழுங்கும். அடுத்த குடத்தில் அந்தத் தெள்ளும் சேர்ந்து வரும். குடித்தவர் வயிற்றுக்குள் தெள்ளு செத்துப்போகும், புழு பிழைத்துக்கொள்ளும். ஓராண்டு உடம்புக்குள்ளேயே வளர்ந்து, மறு கோடையில் காலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மறுபடியும் கிணறு, மறுபடியும் கால், மறுபடியும் குடம்!

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை அறுத்தால் போதும். நோயாளியின் கால் குடிநீரில் படக்கூடாது. அவ்வளவுதான்!

1983-84-ல் இதற்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அப்போது ஏழு மாநிலங்களில், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களில், ஏறத்தாழ 40,000 பேர் இந்த நோயோடு இருந்தார்கள். தமிழ்நாடும் அந்த ஏழில் ஒன்று. ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். படிக்கிணறுகளை மூடி, இறைகிணறுகளாக மாற்றினார்கள். அடிபம்புகளை நட்டார்கள். மாற்ற முடியாத கிணறுகளில் தெள்ளைக் கொல்லும் மருந்தைத் தெளித்தார்கள். துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். தமிழ்நாடு 1980-களின் முற்பகுதியிலேயே விடுபட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

இதிலே பெரிய விஞ்ஞான வித்தை ஒன்றும் இல்லை. செங்கல்லும் சிமெண்டும் கயிறும்தான்! ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாட்களும் சில நாட்களில் முடிக்கும் வேலை. அப்படியானால் அத்தனை தலைமுறை ஏன் காத்திருக்க நேர்ந்தது? காலிலே புழுவோடு கிடந்தவன் கூலிக்காரன். காசு படைத்தவனுக்குச் சொந்தக் கிணறும் கப்பியும் இருந்தன. வலி ஒருவனிடம், வசதி வேறொருவனிடம். தாமதத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

எட்டு மணி நேரக் கணக்கு

தொழிலாளித் தோழனே, உனக்கு எட்டு மணி நேர வேலையின் அருமை தெரியும். அதற்காக உலகத் தொழிலாளர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பதும் தெரியும். இப்போது வேறொரு வேலையின் கணக்கைப் பார்.

தண்ணீர் எடுத்து வருவது வேலையா, இல்லையா? கூலி கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. வார விடுமுறை கிடையாது. ஆனால் ஒரு நாள் அது நின்றால் குடும்பமே நின்றுபோகும்!

இந்தியாவில் 2018-ல் பெண்கள் தண்ணீர் கொண்டுவர ஒரு நாளைக்குச் சராசரியாக 45 நிமிடத்துக்கு மேல் செலவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் சொன்னது. வீட்டு வாசலில் தண்ணீர் இல்லாத குடும்பங்கள் அனைத்தையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 6 கோடியே 66 லட்சம் மணி நேரம்! இதை எட்டால் வகுத்துப் பார். 83 லட்சம் ஆட்களின் முழு நாள் உழைப்பு! ஒவ்வொரு நாளும், கூலியில்லாமல், குடத்தோடு போய்க் குடத்தோடு திரும்பி வந்த உழைப்பு!

83 லட்சம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை நீ பார்த்திருக்கிறாயா? அந்த ஆலை இருந்தது. அதில் வேலை செய்தவர்கள் உன் தாய், உன் மனைவி, உன் தங்கை. பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் குழாயடி வரிசையில் நின்ற உன் மகளும் அதில் ஒருத்தி.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. எல்லா வீட்டுக்கும் பாதுகாப்பான குடிநீர் போய்ச் சேர்ந்தால், ஏறத்தாழ 4 லட்சம் வயிற்றுப்போக்குச் சாவுகளைத் தவிர்க்கலாம். அந்தச் சாவுகளில் சிறு பிள்ளைகள் எத்தனை என்று தனியே சொல்லவும் வேண்டுமா? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்க்கு நாள் கூலி போகும். தகப்பன் கடன் வாங்குவான். கடனுக்கு வட்டி ஏறும். கெட்ட தண்ணீருக்கு விலை இல்லை என்று யார் சொன்னது? அதன் விலையைத் தவணை முறையில் ஏழை கட்டிக்கொண்டிருக்கிறான்!

ஆகவேதான் சொல்கிறோம்: தண்ணீர்ப் பிரச்சினை கூலிப் பிரச்சினை. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடிப்பவன், குடிநீர் கேட்டும் கொடி பிடிக்க வேண்டும்.

தொழிலாளி திருத்திய எந்திரம்

அடிபம்பைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். தொழிலாளி கேட்டுப் பெருமைப்படத்தக்க செய்தி அது.

1960-களின் நடுவில் நாட்டில் கொடிய பஞ்சம். கிணறுகள் வறண்டன. 1967-ல் ஐ.நா. குழந்தைகள் நிதியம் பாறையைத் துளைக்கும் ரிக் எந்திரங்களைக் கொண்டுவந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்பு அடிபம்புகள் நடப்பட்டன. அவை மேலைநாட்டுப் பண்ணைவீட்டுப் பம்பின் சாயலில் செய்யப்பட்டவை. அங்கே ஒரு குடும்பம் நாளைக்கு நாலு வாளி அடிக்கும். இங்கேயோ விடியற்காலை முதல் இருட்டும் வரை ஓர் ஊரே அடிக்கும். தாங்குமா? 1974-ல் கணக்கெடுத்தபோது நாலில் மூன்று பம்பு பழுதாகிக் கிடந்தன!

தோண்டிய கணக்கு ஏட்டில் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை!

அதைச் சரி செய்தது யார்? மராட்டியத்துச் சோலாப்பூரில் தானே கற்றுத் தேர்ந்த ஒரு மெக்கானிக், எஃகுத் தகட்டை வெட்டி ஒட்டி ஒரு பம்பு செய்திருந்தார். அது உழைத்தது. அதையே அடிப்படையாகக் கொண்டு பொறியாளர்கள் புதிய பம்பு ஒன்றை வடிவமைத்தார்கள். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் கோவை வட்டாரக் கிராமங்களில், 1970-களின் நடுவில் அதைச் சோதித்தார்கள். அன்று அரசுத்துறையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. ‘இந்தியா மார்க் 2’ என்பது அதன் பெயர். காப்புரிமை என்று யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டார்கள். அது ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போயிற்று. அங்கே எத்தனையோ ஊர்களின் தாகம் தீர்த்தது.

பம்பு மட்டும் போதுமா? போதாது. ஊரில் பம்பைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு பழுதுபார்க்கும் குழு என்று மூன்றடுக்குப் பராமரிப்பு முறை தமிழ்நாட்டில் 1970-களிலேயே செயலுக்கு வந்தது. பிற மாநிலங்களும் அதைப் பார்த்துக் கற்றன. ஆம், நட்டுவிட்டுப் போவது பாதி வேலை. ஓட வைப்பதே மீதி வேலை!

யாருடைய கிணறு?

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். கசப்பென்று இதைத் தள்ளிவிட முடியாது.

உலகத்தை நேசிக்கும் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமையாக, நிறைந்த ஊருணியைக் காட்டினார் வள்ளுவர். நல்ல உவமை. ஆனால் நம் ஊருணிக்குள் எல்லாரும் இறங்க முடிந்ததா? ஊர் என்றால் சேரியும் சேர்ந்ததுதான் என்று ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர்? மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், மனிதன் குடிக்கக்கூடாது என்று காவல் நின்ற நாடல்லவா இது!

1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று. தீர்மானம் நிறைவேறியது. 1927 மார்ச் 20 அன்று மராட்டியத்து மகாத் நகரில், டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய்ச் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட நகராட்சி அதற்கு முன்பே தீர்மானித்திருந்தது. ஆயினும் என்ன நடந்தது? குடித்தவர்களுக்கு அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் நீதி கிடைத்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று பெயர் குறித்தே எழுதி வைத்தது.

எழுதியாயிற்று. ஏட்டிலே இருக்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலே மனித மலம் கலந்து கிடந்ததே! பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகல்லவா தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள்! அந்தச் செய்தியைப் படித்த நாளில் தண்ணீர் இறங்கியதா நம் தொண்டையில்?

தண்ணீரைச் சுத்தமாக்கக் குளோரின் உண்டு. மனத்தைச் சுத்தமாக்கும் தூள் எந்தக் கடையிலும் கிடையாது. அதற்கு நாம்தான் உழைக்க வேண்டும். எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வருகிறது, எந்தத் தெருவில் முதலில் நின்றுபோகிறது என்று பாருங்கள். ஊரின் சாதி வரைபடம் அந்தக் குழாய்ப் பாதையிலே தெரியும்.

குழாய் வந்தது; தண்ணீர்?

2019-ல் நாட்டின் கிராமத்து வீடுகளில் ஆறில் ஒன்றுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. அந்த ஆண்டில் தொடங்கிய திட்டத்தால் இணைப்புகள் பன்மடங்கு பெருகியிருக்கின்றன. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவுகோல். இணைப்பு பெருகியதை மறுப்பதற்கில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. நல்லதை நல்லதென்று சொல்லுவோம்.

ஆனால் கேள்வி கேட்கும் உரிமையை விட்டுவிட மாட்டோம். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? எவ்வளவு வருகிறது? குடிக்கத் தக்கதா?

கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பளிங்குபோல்தான் இருந்தது. ஆனால் பாறையிலிருந்து கரைந்த புளோரைடு அதில் இருந்தது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. பலருக்கு மூட்டு இறுகியது, முதுகு வளைந்தது. காய்ச்சினால் போகுமா? போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டப் புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்! லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது நம் நாட்டு அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் போனால் அந்த நீர் குடிநீர் அல்ல. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் அது செயலுக்கு வந்தது. ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை. மக்கள் விடாமல் கேட்ட திட்டம் அப்படித்தான். எந்த ஆட்சியும் அதைக் கைவிடத் துணியாது.

கிருமிக்குக் குளோரின். புளோரைடுக்கு வேறு நீர், அல்லது வடிகட்டும் ஆலை. எது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சோதிக்காத தண்ணீர், திறக்காத கடிதம்போல. உள்ளே என்ன சேதி என்று யாருக்குத் தெரியும்?

நாம் செய்ய வேண்டியது

“இதெல்லாம் அதிகாரிகள் வேலை, நமக்கென்ன?” என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். அப்படி நினைத்த ஊர்களில்தான் அடிபம்பு நாலில் மூன்று துருப்பிடித்து நின்றது. அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யத்தான் வேண்டும். செய்ய வைப்பது நம் வேலை!

ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் மேல்நிலைத் தொட்டிகளை எண்ணி எழுதி வைக்கட்டும். தொட்டி கடைசியாக என்று கழுவப்பட்டது? ஏணியும் மூடியும் பூட்டும் சரியாக உள்ளனவா? தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைப் பெட்டி ஊராட்சியில் கேட்டால் கிடைக்க வேண்டும். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் சோதியுங்கள். அந்தக் கடைசி வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்!

தொட்டியை இயக்கும் தொழிலாளியை மறந்துவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து மோட்டார் போடுகிறவர் அவர். தொட்டி மேல் ஏறிக் கழுவுகிறவர் அவர். அவருக்குக் கிடைக்கும் ஊதியம் என்ன? ஊர் முழுதும் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், தண்ணீர் விடுகிறவன் வயிறு காயக்கூடாது. அவர் கோரிக்கையும் நம் கோரிக்கையே.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் அதில் ஒன்று. மே முதல் நாள் இன்னொன்று. தொழிலாளர் திருநாளில் காலையில் கொடியேற்றிவிட்டு, அதே கையோடு கிராமசபைக்குப் போங்கள். குடத்தோடு நடந்த பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அவர்கள் பேசட்டும். தண்ணீர்ச் சோதனையின் முடிவைச் சபையில் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடிவு இல்லை என்றால், சோதனை செய்யத் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலைக் கையில் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்!

தோழர்களே! மருந்தில்லாத நோயொன்றை ஒரு கைப்பிடிச் சுவர் விரட்டிய நாடு இது. ஒரு மெக்கானிக்கின் கைவண்ணம் உலகத்தின் தாகம் தீர்த்த நாடு இது. நம்மால் முடியாததல்ல. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினோம், நோய் ஓடியது. மனிதனைச் சுற்றி எழுப்பிய சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது. அதையும் இடிப்போம், கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்கும் நல்ல தண்ணீர் கொண்டு சேர்ப்போம்!